மதிலும் வெளியும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். அவற்றைப் போலவே நகரமும் ஒரு வரலாற்றுச் சான்றாகும் என்பது என் கருத்து. எந்தத் தெரு எவருக்கு உரியதாயிற்று, எங்கே மதில் எழுந்தது, எந்த நிலம் வெறுமையாக விடப்பட்டது என்பவற்றையெல்லாம் முடிவு செய்தவர்கள் கொத்தரும் தச்சரும் மட்டும் அல்லர். அரசியலுக்கும் சமுதாயத்திற்கும் அதில் பெரும்பங்கு உண்டு. சென்னையின் பழைய நகர்ப்பகுதியைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடற்கரையில் ஒரு சிறு நிலப்பகுதியைப் பெற்றுப் பின்னர்க் கோட்டை கட்டத் தொடங்கினர். அவர்கள் நாடி வந்த பொருள் துணி. ஆகவே நெசவாளரையும் சாயமிடுவோரையும் வணிகரையும் அழைத்துக் கோட்டைக்கு வடக்கே குடியமர்த்தினர். கோட்டைப் பகுதி வெள்ளையர் பட்டணம் என்றும், வடபகுதி கறுப்பர் பட்டணம் என்றும் பெயர் பெற்றன. ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே இருந்த வேற்றுமை, நகரின் அமைப்பிலேயே பதிந்துவிட்டது.

நம்மவர் தம்முள்ளேயும் வேற்றுமை பாராட்டினர். வலங்கைச் சாதியார், இடங்கைச் சாதியார் என்ற இரு பிரிவினர், எவருடைய ஊர்வலம் எந்தத் தெரு வழியே செல்வது என்று பூசலிட்டனர். 1652-இலும் 1707-இலும் இப்பூசல் முற்றியது. தாமஸ் பிட் ஆளுநராக இருந்த காலத்தில், பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையார்க்கும் முத்தியாலுப்பேட்டை இடங்கையார்க்கும் என வகுக்கப்பட்டன. இரண்டிற்கும் இடையே கிடந்த கால்வாய்ப் பள்ளம் பிற்காலத்தில் தூர்க்கப்பட்டு அகன்ற வீதியாயிற்று. பிராட்வே என வழங்கிய அவ்வீதியே பிரகாசம் சாலை. இரு பேட்டைகளுக்கு எல்லையாக இருந்த இடம் இன்று இருவரும் நடக்கும் பொதுவழி.

அடுத்து நகரின் அமைப்பை மாற்றியது போர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். உடன்படிக்கையின்படி 1749-இல் திருப்பித் தந்தனர். 1758-ஆம் ஆண்டின் இறுதியில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி மீண்டும் வந்து கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டையை ஒட்டி வீடுகள் நெருங்கியிருந்தால் பகைவர் அவற்றின் மறைவில் அணுகிவிடுவர். பீரங்கிக் குண்டும் தடைப்படும். ஆதலால் கோட்டைக்கு வடக்கேயிருந்த பழைய கறுப்பர் பட்டணம் அழிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சியில் ஒரு பகுதியை இடித்தனர்; எஞ்சியதை ஆங்கிலேயர் இடித்தனர். இரு பகைவரும் ஒன்றுபட்டுச் செய்த செயல் இது ஒன்றே எனலாம்!

அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. அதற்கு மாற்றிடம் அளிக்கப்பட்டது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முதலிய செல்வர் பொருளுதவி செய்தனர். இன்று பூக்கடைப் பகுதியில் விளங்கும் கோயில் அவ்வாறு எழுந்ததே. கோயிலைப் பற்றிய செய்தி நமக்குக் கிடைக்கிறது. அங்கே வீடிழந்த நெசவாளர்க்கும் சிறு வணிகர்க்கும் என்ன நேர்ந்தது என்பதை அத்தகைய நினைவுச்சின்னம் எதுவும் கூறவில்லை.

இடித்த நிலம் வெட்டவெளியாகவே காக்கப்பட்டது. இதற்கப்பால் கட்டடம் எழக்கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டனர். அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. அதற்கு முன்பே, 1769-இல், ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாயிலை எட்டியிருந்தது. அவ்வச்சத்தால் புதிய கறுப்பர் பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினர். கட்டிய செலவை மக்களிடமே பெறக் கருதி, வரி விதிக்கவும் முற்பட்டனர். வரி நிலைக்கவில்லை, மதிலும் நிலைக்கவில்லை. 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. மதிலின் எஞ்சிய பகுதி ஒன்றை ராயபுரத்தை அடுத்த மாடிப்பூங்காவில் காணலாம்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கம்பெனியாரின் அச்சம் நீங்கியது. பீரங்கிக்கென ஒதுக்கிய வெளி பயனற்றதாயிற்று. ஆயினும் அது அரசின் கையிலே இருந்தமையால், நகரின் நடுவே பெருங்கட்டடங்கள் எழுப்ப இடம் கிடைத்தது. 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம் அந்நிலத்தின்மீதே நிற்கிறது. அதன் குவிமாடங்களையும் வளைவுகளையும் நோக்குங்கள். 1858-இல் கம்பெனி ஆட்சி நீங்கி முடியாட்சி வந்தபின், ஆங்கிலேயர் தம்மை இந்நாட்டு மன்னர்களின் வழித்தோன்றல்களாகக் காட்ட விரும்பினர். அவ்விருப்பமே மொகலாயர் பாணியைச் செங்கல்லில் மீண்டும் கொணர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பர் பட்டணமும் ஜார்ஜ் டவுன் என அரசர் பெயர் தாங்கியது.

வீடுகளை இடித்து உண்டாக்கிய வெளியில் பின்னர் நீதி வழங்கும் மன்றம் எழுந்தது! இதனை நினைவிற்கொண்டால், அக்கட்டடத்தின் அழகு குறையப்போவதில்லை. அதன் பொருள் நமக்கு இன்னும் தெளிவாகும்.

மாணவர்கள் தத்தம் ஊரின் கோட்டைத் தெருவையும் அகழித் தெருவையும் வெளிவீதியையும் இந்நோக்கோடு காண்பாராக. எவருடைய அச்சம் இம்மதிலை எழுப்பியது, எவர் பொருள் இதற்குச் செலவாயிற்று, எவர் இங்கிருந்து அகற்றப்பட்டனர் என்னும் மூன்று வினாக்களை எழுப்புவாராக. இவற்றிற்கு விடை தேடத் தொடங்கினால், பாடநூலில் இடம்பெறாத மக்களின் வரலாறும் நம் கண்முன் விரியும்.