நாற்காலியும் கொடிக்கம்பமும்



நாம் கூடியிருக்கும் இந்த ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1949 நவம்பர் 25 அன்று, அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்துவிட்டார். அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்னும் முரண்பாட்டை விரைந்து களையாவிட்டால், அதனால் வதைபடுகிறவர்களே இந்த ஜனநாயகக் கட்டடத்தைத் தகர்த்துவிடுவார்கள் என்றார்.

இன்று ஜனநாயகத்துக்கு நாடி பார்ப்பவர்கள் இரு வகையினர். ஸ்வீடனின் வி-டெம் நிறுவன வல்லுநர்கள் 2021 அறிக்கையில் இந்தியாவைத் தேர்தல்வழி எதேச்சாதிகாரம் என்று வகைப்படுத்தினார்கள். 2024இல் பியூ ஆய்வு மையம் மக்களைக் கேட்டபோது, ஏறக்குறைய நான்கில் மூவர் ஜனநாயகம் நடக்கும் விதம் திருப்தி என்றார்கள். யார் சொல்வது சரி என்ற விவாதம் ஓயவில்லை. நாடு முழுமைக்குமான சராசரியில் சேரியின் கேள்வி கரைந்துபோகிறது. நம் கேள்வி எளிது: வென்றவரை நாற்காலியில் உட்கார விட்டார்களா?

வரலாறு பதில் சொல்கிறது. 1994 ஊராட்சிச் சட்டம் தந்த இடஒதுக்கீட்டின்படி 1996இல் தேர்தல் வந்தது. மேலவளவில் தலைவரான முருகேசனும் உடனிருந்த தோழர்களும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தனித்தொகுதி என்பதாலேயே பத்தாண்டுகள் தலைவர் பதவி முடக்கப்பட்டது. 2006இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள்.

அது மதுரைப் பக்கத்துக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அமிர்தம் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். செய்தி வெளியானபின், மாவட்ட ஆட்சியர் முன்னிலையில்தான் அவரால் ஏற்ற முடிந்தது. 2022இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்து, நாற்காலி மறுப்பையும் கொடி மறுப்பையும் ஆவணப்படுத்தியது. பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அதே 2022இல் ஆவடி மாநகராட்சியின் முதல் மேயராக உதயகுமார் வந்தார். அம்பத்தூர் அடங்கிய சென்னைக்குப் பிரியா மேயரானார். இரண்டும் தனி ஒதுக்கீட்டில் கிடைத்த பதவிகள். பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதியே. இவை பெரும் வெற்றிகள், ஐயமில்லை. ஆனால் மாநகராட்சியில் இயல்பாகிவிட்ட நாற்காலி, சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஊராட்சியில் போராடிப் பெற வேண்டியதாக இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நம் மக்கள் வாக்குச்சாவடியில் விடியற்காலையே வரிசையில் நிற்கிறார்கள். அதைத் திருப்தி என்று யாரும் கணக்கெழுத வேண்டாம். அண்ணல் பெற்றுத் தந்த அந்த ஒரு வாக்கை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற பிடிவாதம் அது. ஜனநாயகத்தின் உடல்நலத்தை அறிய விரும்புகிறவர்கள் ஆகஸ்ட் 15 காலையில் ஊராட்சி அலுவலகத்துக்கு வரட்டும். கொடிக்கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்க்கட்டும்.