வெற்று வண்டியும் வெண்பனியும்

1925-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஃபோர்டு கம்பெனியார், உலகப் பிரசித்தி பெற்ற தங்கள் ‘மாடல் டி’ காரின் பின்புறத்தில் இரும்புப் பெட்டி ஒன்றை அமைத்து, 281 டாலர் விலைக்கு அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னரே அமெரிக்க விவசாயிகள் பலர், தாங்கள் வாங்கிய காரின் பின்பாகத்தை நீக்கிவிட்டு, மரப்பெட்டி அடித்துப் பொருத்தி, தானிய மூட்டைகளையும் கோழிக் கூண்டுகளையும் சந்தைக்கு ஏற்றிச் சென்றுவந்தார்கள். ஆகவே, அவர்களுடைய அநுபவத்துக்கு ஆலை ஒரு நிரந்தர உருவம் கொடுத்தது என்றே சொல்லவேண்டும். பிக்கப் என்று இன்று வழங்கும் வாகனத்தின் சரித்திரம் இவ்வாறு வயற்காட்டில் தொடங்குகிறது. மழையிலும் பனியிலும் அதன் டயர்கள் படும் பாட்டை அறிய விரும்புவோர் இந்தப் பூர்வீகத்தை மறக்கலாகாது.

சுமை தாங்குவதற்கென்றே பிறந்த வண்டி அது. எஞ்சின் முன்னே இருக்க, அதன் சக்தி நீண்ட ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரங்களுக்குச் செல்கிறது. அந்தச் சக்கரங்களின் மேலேயே சுமைப்பெட்டியும் அமைந்திருக்கிறது. மூட்டைகள் நிறைந்திருக்கும்போது இது மிகவும் உசிதமான ஏற்பாடு. வண்டியை உந்தவேண்டிய சக்கரங்களையே பாரம் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. பாரத்தின் பெரும்பகுதி முன் சக்கரங்களைச் சார்ந்துவிட, பின் சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. பனி படிந்த மேட்டில் விசையைச் சற்று அதிகமாகக் கொடுத்தால், ஒரு பக்கத்துச் சக்கரம் பனியைப் பறித்துக்கொண்டு சுழல, மற்றப் பக்கத்துச் சக்கரம் அசையாமல் நிற்கும். திரும்பும்போது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் உருள்வதற்கென்று வைக்கப்பட்ட டிஃபரென்ஷியல், பிடிப்பற்ற சக்கரம் எவ்வளவு விசையை ஏற்குமோ அவ்வளவையே மற்றதற்கும் அளிப்பதால் நேரும் விபரீதம் இது. வளைவில் அவ்வாறு விசை மிகுந்தாலோ, வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசிக்கொண்டு போகும்.

பிக்கப் பிறப்பதற்கு முன்பே இத்தகைய வழுக்கலுக்குப் பரிகாரம் கண்டவர், நியூயார்க் மாநிலத்துக் கனஸ்டோட்டாவைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர். வாகன ஓட்டிகள் சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றையும் கொடியையும் கட்டிக்கொண்டு போனதைக் கண்ட அவர், இரும்புச் சங்கிலியால் அதே காரியத்தைச் செய்து 1904-இல் காப்புரிமை பெற்றார். 1908-இல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி, ‘நான்-ஸ்கிட்’ என்ற சொற்களையே டயரின் மேல்முகத்தில் புடைப்பெழுத்தாக வார்த்து, எழுத்துகளின் விளிம்பே சாலையைப் பற்றுமாறு செய்தது. கிராமத்து அநுபவமோ இன்னும் நேரான வழியைக் கண்டது. வெறும் பெட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே, மணல் மூட்டைகளை அடுக்கி அவை நகராதவாறு கட்டினார்கள். வண்டி சிக்கிக்கொண்டால், மூட்டையைப் பிரித்துச் சக்கரத்தின் முன்னே அந்த மணலையே தூவினார்கள்.

பனிக்கென்றே ரப்பரை வடிக்கும் முயற்சி பின்லாந்தில் உருப்பெற்றது. 1934-இல் நோக்கியா நகரத்து ரப்பர் ஆலை வெளியிட்ட பனிக்கால டயர் முதலில் லாரிகளுக்கே கிடைத்தது என்பதும், கார்களுக்கு உரியது 1936-இல்தான் வந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. சுமை வண்டியின் துன்பமே முதலில் கண்ணுக்குப் பட்டது போலும். ஆழ்ந்த குறுக்குக் காடிகள் பனியைக் கவ்வித் தம்முள் இறுக்கிக்கொள்ள, அவ்வாறு இறுகிய பனி சாலையிலுள்ள பனியைப் பற்றுவதுதான் இத்தகைய டயரின் இரகசியம்.

மழையின் இயல்பு வேறு. வேகம் மிகுந்து, காடிகளால் நீரை வெளியேற்ற இயலாதபோது, நீரானது டயருக்கும் சாலைக்கும் இடையே ஆப்புப் போலப் புகுந்து சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் விமான டயர்களை ஆராய்ந்த வால்டர் ஹோர்ன் என்பவரும் அவருடைய சகாவும் 1963-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்த ஆபத்தான வேகம் டயரிலுள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 35 பவுண்டு காற்றுள்ள டயர், நீர் தேங்கிய சாலையில் மணிக்கு சுமார் 98 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்குமானால், 25 பவுண்டாகக் குறைந்த டயர் 83 கிலோமீட்டரிலேயே மிதக்கும். சுமையற்ற லாரி டயர் சாலையில் பதியும் தடம் நீளத்தில் குறுகிவிடுவதால், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வேகத்திலேயே அது மிதக்கக்கூடும் என்பதும் பிற்கால ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. பனியில் கண்ட உண்மையையே மழையும் உறுதிப்படுத்தியது.

1977-இல் குட்இயர் கம்பெனியின் ‘டியம்போ’ டயர் வந்தபின், ஆண்டு முழுவதும் ஒரே டயர் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியது. ஆலையிலிருந்து வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் இந்த வகையினதே. சத்தம் குறையவேண்டும், எரிபொருள் மிச்சப்படவேண்டும், வெகுநாள் தேயாதிருக்கவேண்டும், கோடையிலும் உழைக்கவேண்டும் என்னும் பல கோரிக்கைகளுக்கு நடுவே செய்துகொண்ட சமரசம் அது. மழையில் அது நன்றாகவே கடமையாற்றும். கடுங்குளிரிலோ, பனிக்கால டயரின் ரப்பரைப்போல் இளகி நிற்காமல் இறுகிவிடும். அதன் பக்கவாட்டில் காணும் ‘எம்+எஸ்’ என்ற குறி காடிகளின் அமைப்பை மட்டுமே சொல்வது; பனியில் சோதித்துத் தேறிய டயருக்கு மலைமுகடும் பனித்திவலையும் சேர்ந்த சின்னம் 1999-இல்தான் ஏற்பட்டது. அந்தச் சோதனையும் இழுவைப் பிடிப்பை அளப்பதேயன்றி, பிரேக் போடும்போதும் வளையும்போதும் உள்ள பத்திரத்துக்கு ஜாமீன் ஆகாது.

பின் சக்கரத்தால் ஓடும் பிக்கப்பின் டயரைக் குறைகூறுமுன், அந்த வண்டி சுமையோடு ஓடுவதற்காகப் படைக்கப்பட்டது என்பதை நினைப்பதே நியாயம். மணல் மூட்டை ஏற்றிய பழைய விவசாயி, தற்காலிகமாக ஏதோ ஒட்டுப்போட்டவர் ஆகமாட்டார். இயந்திரத்தின் இயல்பைச் சரியாக உணர்ந்து, அது வேண்டியதைக் கொடுத்தவர். பாரம் மிகுந்தால் வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும் என்பதையும், அச்சுக்குப் பின்னால் வைத்த பாரம் முன் சக்கரங்களை இலேசாக்கிவிடும் என்பதையும் உணர்ந்து, அளவோடும் இடமறிந்தும் சுமையை வைத்து, காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, குளிர்காலத்துக்கு நான்கு சக்கரங்களிலும் தகுந்த டயரை மாட்டி, வேகத்தையும் அடக்கி ஓட்டுபவருக்கு, அந்தப் பழைய அறிவும் புதிய விஞ்ஞானமும் ஒருங்கே துணைநிற்கும்.