'வீட்டோட நிக்கிற பிள்ளை': கணக்கில் வராத உழைப்பு

சிறுவர் தொழிலாளர் எண்டதும் எங்களில் பலருக்கு மனதில் வருவது ஒரு பெடியன்தான். கராஜில் கிரீஸ் பிரண்ட கையோடு நிற்கிறவன், சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிறவன், கரையில் வலையில இருந்து மீன் கழட்டுகிறவன். பெட்டைப்பிள்ளை ஏன் வாறதில்லை? அவளும் வேலை செய்கிறாள். ஆனால் அதுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஒத்தாசை'. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

யாழ்ப்பாணத்தில் புகையிலை, வெங்காயம், மிளகாய்த் தோட்டங்கள் பெரும்பாலும் குடும்ப உழைப்பில்தான் நடந்தன. பெடியள் தோட்டத்தில் தண்ணி மாறினார்கள். சிலர் சுருட்டுக் கொட்டிலுக்குப் போனார்கள். அப்படிப் போனவனைத் 'தொழில் பழகிறான்' எண்டார்கள். பிறகு அவன் சுருட்டுத் தொழிலாளி ஆனான். பெட்டையள் களை பிடுங்கினார்கள், வெங்காயம் நட்டார்கள், தண்ணி அள்ளினார்கள், தம்பி தங்கச்சியைத் தூக்கி வளர்த்தார்கள். அவர்களுக்கு ஒரு தொழிலின் பெயரும் கிடைக்கவில்லை.

சட்டமும் இதே கண்ணால்தான் பார்த்தது. 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவது பற்றியது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது எண்டது. ஆனால் பெற்றோர் தங்கட பிள்ளையைப் பள்ளிக்கூட நேரத்துக்கு வெளியே சிறிய தோட்ட வேலைகளில் ஈடுபடுத்த இடம் விட்டது. சொந்த வீட்டுச் சமையலறையையோ அது வேலைத்தலமாகப் பார்க்கவேயில்லை.

உண்மையில் பிள்ளைகளை வேலையிலிருந்து கூடுதலாக மீட்டது பள்ளிக்கூடம்தான். 1945இல் இலவசக் கல்வி, 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடை. 1998இலிருந்து 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி; 2016இல் அது 16 வயதாகியது. பெண் கல்வி எங்கட மண்ணுக்குப் புதிதும் இல்லை. உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியது 1824இல். இண்டைக்கு எங்கட கலைப்பீட வகுப்புகளில் பெண் மாணவர்கள்தான் கூட. இடைவிலகுவதில் பெடியள்தான் கூட. இதைப் பார்த்துப் பெட்டையளின் பிரச்சினை தீர்ந்தது எண்டு நினைப்பது சுலபம். பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் சமையல், கூட்டல், உடுப்புத் தோய்த்தல் எண்டு அவளுக்கு இரண்டாவது நாள் தொடங்குவதை வரவுப் பதிவேடு காட்டாது.

இன்னொரு பிள்ளையும் எங்கட வீடுகளில் இருந்தாள். மலையகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட பிள்ளை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் மகள் அவள். இலவசக் கல்வி வந்து முப்பது வருடங்கள் அளவில்தான், 1970களில், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்தது. அந்த இடைவெளியில் எத்தனையோ பெட்டையள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வீட்டுவேலைக்கு வந்தார்கள். 'வீட்டோட நிக்கிற பிள்ளை', 'எங்கட பிள்ளை மாதிரி' எண்டுதான் அவர்களைப் பற்றிக் கதைப்பார்கள். வீட்டுக்காரரின் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். 'பிள்ளை மாதிரி' இருந்தவள் அடுப்படியில் நிற்பாள். சாதி பார்த்து வேலை வாங்கிப் பழகிய எங்கட சமூகத்துக்கு இதில் ஒரு உறுத்தலும் வரவில்லை.

2021 ஜனவரியில் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 16 ஆக உயர்ந்தது. அந்த வருடம் ஜூலையில், கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கு நின்ற டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தாள். யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் நீதி கேட்டு ஆட்கள் வீதிக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட ஆபத்தான வேலைகளின் பட்டியலில் வீட்டுவேலையும் சேர்ந்தது.

இப்ப எண்ணிக்கைக்கு வருவம். 2016இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வு, 5 முதல் 17 வயதுக்கு உட்பட்ட சிறுவர் தொழிலாளர் 43,714 பேர் எண்டது. அதில் பெடியள்தான் கூட. உலக நிலவரமும் அப்படித்தான்: சர்வதேச தொழில் அமைப்பும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட 2020 மதிப்பீட்டில் ஆண் பிள்ளைகள் 97 மில்லியன், பெண் பிள்ளைகள் 63 மில்லியன். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. வாரத்துக்கு 21 மணித்தியாலமோ அதற்கு மேலோ செய்கிற வீட்டுவேலையையும் சேர்த்து எண்ணினால், 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அந்த இடைவெளி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது. எதை வேலை எண்டு எண்ணுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் யார் தொழிலாளி எண்ட கணக்கும் மாறுகிறது.

ஆகவே பெடியனுக்கும் பெட்டைக்கும் ஒரே கொள்கை போதாது. பெடியனுக்கு, இடைவிலகினவனைத் திரும்பக் கூட்டிவருகிற பள்ளிக்கூடமும் வயது வந்தபின் முறையான தொழிற்பயிற்சியும் வேண்டும். பெட்டைக்கு, முதலில் அவளின் வேலையை எண்ண வேண்டும். போருக்குப் பிறகு தாய் தனியாக உழைத்துக் குடும்பத்தைக் கொண்டுபோகிற வீடுகள் வடக்கில் நிறைய. அங்க ஊருக்கு ஊர் ஒரு நல்ல பகல்நேரப் பராமரிப்பு நிலையம் இருந்தால், மூத்தவள் தம்பியைப் பார்க்க வீட்டில் மறிபட வேண்டி வராது. மற்றவர் வீட்டில் நிற்கிறவளுக்கு, மூடின கதவுக்கு உள்ளேயும் போகக்கூடிய தொழில் பரிசோதனை வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு சின்னப்பிள்ளை வேலைக்கு நிற்பது தெரிந்தால், 1929 எண்ட இலக்கத்துக்கு அழைத்துத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சொல்லலாம். எங்கட வீட்டில், படிக்கிற தங்கச்சியின் கையில் இருக்கிற விளக்குமாறைத் தம்பியும் எடுக்கலாம்.