ஒரு மீன் இரு மீனான வரலாறு

மணமக்களுக்கு அருந்ததி காட்டுதல் கெடாவாழ் தமிழரும் நன்கறிந்த வழக்கு. வசிட்டன் என்னும் மீனும் அதன் அருகே மங்கலாக மின்னும் அருந்ததியும் வெறுங்கண்ணுக்கே பிரிந்து தோன்றுவன. ஆயின், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றித் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும் மீன்களும் உள. அத்தகைய இரட்டை மீன்களின் வரலாற்றில் தமிழகக் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பலரும் அறியார்.

அவ்வரலாறு கெடாவின் அண்டை நாடான சயாமில் தொடங்குகிறது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அனுப்பிய இயேசு சபைத் துறவியர் 1687-இல் சயாம் வந்தனர். அவருள் ஒருவர் ழான் ரிஷோ. மறு ஆண்டில் அங்கு அரசுப் புரட்சி மூண்டது, மன்னர் நாராய் மறைந்தார், பிரெஞ்சுக்காரர் வெளியேறினர். ரிஷோ புதுச்சேரியை அடைந்தார். 1689 டிசம்பரில் 12 அடித் தொலைநோக்கியால் வால்வெள்ளி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தென்வானின் பேரொளி மீனாகிய ஆல்பா சென்டாரி இரு மீன்களாகப் பிரிந்து நிற்கக் கண்டார். கண்டதை எழுதியும் வைத்தார்.

அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றுவன என்பதை அவர் அறிந்திலர். இரட்டை மீன்கள் அவ்வாறு சுற்றுவதை வில்லியம் ஹெர்ஷல் வெளிப்படுத்தியது 1803-இல்தான். ஆல்பா சென்டாரி இணை ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 80 ஆண்டு ஆகிறது. அதற்குள் இடைவெளி 2 விகலை முதல் 22 விகலை வரை மாறும். பாகையின் 3600-இல் ஒரு பங்கே விகலை. ஒருவர் தம் வாழ்நாளில் முழுச் சுற்றையும் அளப்பது அரிது. ஆதலின் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர வேண்டும்.

அவ்வாறு அளந்தோருள் ஒருவர் சென்னை வானாய்வு நிலையத் தலைவர் ஜேக்கப். 70 ஒபியூக்கி என்னும் இரட்டை மீனின் பாதையில் பிறழ்வு கண்டு, அங்குக் காணப்படாத கோள் ஒன்று இருக்கலாம் என 1855-இல் கருதினார். பிற்காலக் கணிப்புகள் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவர் அளவுகளை வெளியிட்டிருந்தமையால் அன்றோ பிறர் அவற்றை ஆராய முடிந்தது!

இப்பணி நம் மாணவர்க்கும் எட்டாததன்று. 60 மில்லிமீட்டர் கண்ணாடியுடைய சிறு தொலைநோக்கி சுமார் 2 விகலை இடைவெளியைப் பிரித்துக் காட்டவல்லது. புதுச்சேரியில் ஆல்பா சென்டாரி தென்வானில் சுமார் 17 பாகை உயரமே எழும். மெர்கோங்கில் 23 பாகை எழும். அடிவானத்தை அணுகுந்தோறும் மீனின் உருவம் நடுங்கும். எனவே இவ்வகையில் ரிஷோவைவிட நமக்கு வாய்ப்பு மிகுதி. சூன் மாத நடுவில் இரவு 10 மணியளவில் தெற்கே நோக்குக. 2016-இல் 4 விகலையாகக் குறுகிய இடைவெளி இப்போது விரிந்து வருகிறது.

ஆசிரியர்கள் மாணவர்க்கு மீனைக் காட்டுவதோடு அமையாது, நாள், நேரம், இரு மீன்களும் நின்ற நிலை ஆகியவற்றை ஏட்டில் எழுதவும் பழக்குவாராக. அருந்ததியைப் பார்த்தவர் எண்ணிலர். ரிஷோவின் பெயரோ, அவர் கண்டதை எழுதி வைத்தமையால் நிலைத்தது.