வால்டர் பாடேயும் அண்டைத் திரள்களும்: ஒரு தொலைவளவு திருத்தப்பட்ட வரலாறு

அண்டத்தின் தொலைவுகள் இருமடங்கான நிகழ்வை 1952ஆம் ஆண்டின் அறிவிப்பாகவே பல நூல்கள் பதிவு செய்கின்றன. அதன் வேர் 1943இலேயே ஊன்றப்பட்டுவிட்டது. அருகிலுள்ள விண்மீன் திரள்களை விடாப்பிடியாக ஆராய்ந்த ஒருவரின் உழைப்பே அதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1893இல் ஜெர்மனியில் பிறந்த வால்டர் பாடே, ஹாம்பர்க் வானாய்வகத்தில் பணியாற்றிவிட்டு 1931இல் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும் சக ஆய்வாளர்கள் பலர் போர்ப் பணிக்குச் சென்றனர். ஜெர்மன் குடிமகனான பாடே எதிரி நாட்டவராகக் கருதப்பட்டதால், இரவில் வெளியே நடமாட அவருக்குத் தடை இருந்தது. ஆய்வக நிர்வாகம் முயன்று விலக்குப் பெற்றுத் தந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் விளக்குகள் போர்க்கால இருட்டடிப்பில் மங்கியிருக்க, 100 அங்குலத் தொலைநோக்கி அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது.

அண்டை விண்மீன் திரளான ஆந்திரோமேடாவின் சுருள் கரங்களில் வானியலாளர் ஹபிள் தனித்தனி விண்மீன்களைக் கண்டிருந்தார். மையமோ வெறும் ஒளிப்புகையாகவே தெரிந்தது. நீல ஒளியை உணரும் ஒளிப்படத் தட்டுகளை வெகுநேரம் திறந்து வைத்தால் வானத்தின் மெல்லொளியே அவற்றைக் கறுப்பாக்கிவிடும். மையத்தின் பிரகாசமான விண்மீன்கள் சிவப்பாக இருக்கக்கூடும் என்று கருதிய பாடே, சிவப்பு ஒளியை உணரும் தட்டுகளுக்கு மாறினார். பல மணி நேரம் ஒளியூட்ட வேண்டும்; கண்ணாடியின் வெப்பநிலை சற்று மாறினாலும் குவியம் நகர்ந்துவிடும். காற்று அசையாத இரவுகளுக்காகக் காத்திருந்து, குவியத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தார். 1943இன் இலையுதிர் காலத்தில் ஆந்திரோமேடாவின் மையமும் அதன் துணைத் திரள்கள் இரண்டும் அவர் தட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரிந்தன. தொலைநோக்கி பழையதுதான். பொறுமையும் சரியான தட்டுமே வென்றன என்பேன்.

1944இல் வெளியான அவரது கட்டுரை விண்மீன்களை இரு குடிகளாகப் பிரித்தது. சுருள் கரங்களில் நீல நிறத்து இளையவை முதற்குடி. மையத்திலும் கோளக் கொத்துகளிலும் உள்ள மூத்தவை இரண்டாம் குடி. தொலைவளவுத் திருத்தத்துக்கு வழி திறந்தது இந்தப் பிரிவினையே.

1948இல் திறக்கப்பட்ட பாலோமார் வானாய்வகத்தின் 200 அங்குலத் தொலைநோக்கியில், அன்றைய கணக்குப்படி ஆந்திரோமேடாவின் இரண்டாம் குடியைச் சேர்ந்த ஆர்.ஆர். லைரே மாறொளி விண்மீன்கள் தெரிந்திருக்க வேண்டும். அவை தெரியவில்லை. அவற்றைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பிரகாசமான செம்பூதங்கள் மட்டுமே தட்டின் எல்லையில் பதிந்தன. அப்படியானால் ஆந்திரோமேடா நினைத்ததைவிட இருமடங்கு தொலைவில் இருக்கிறது. பழைய தொலைவைக் கணக்கிடப் பயன்பட்ட முதற்குடிச் செஃபீடு மாறொளி விண்மீன்களின் ஒளிர்வு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. 1952இல் ரோமில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றிய மாநாட்டில் பாடே இதை அறிவித்தபோது, தென்னாப்பிரிக்காவில் அண்டைத் திரள்களான மெகெல்லன் மேகங்களை ஆராய்ந்த வானியலாளர் தாக்கரேயும் அதற்கு இசைவான முடிவைத் தெரிவித்தார். அண்டத்தின் வயதுக்கான ஹபிள் கால அளவு 180 கோடி ஆண்டுகளிலிருந்து 360 கோடியாக உயர்ந்தது. பூமியின் பாறைகள் அண்டத்தைவிட மூத்தவையாகத் தோன்றிய பெருஞ்சிக்கல் தணிந்தது.

1958இல் ஓய்வுபெற்ற பாடே, மறு ஆண்டு கோட்டிங்கனில் பேராசிரியரானார்; 1960இல் காலமானார். ஆந்திரோமேடாத் தட்டுகளில் மாறொளி விண்மீன்களை அளந்துவந்த வானியலாளர் ஹென்ரியெட்டா ஸ்வோப், எஞ்சிய பணியை முடித்தார். பாடேயின் புகழில் அவர் பங்கு மறைந்துபோனது நியாயமல்ல. இருவர் பெயரிலும் 1963இல் வெளியான கட்டுரை தந்த தொலைவு சுமார் 22 இலட்சம் ஒளியாண்டு. இன்று ஏற்கப்படும் அளவு சுமார் 25 இலட்சம்.