தன்னமை ஓரடுக்கு

மூலக்கூறுகள் உலோகப் பரப்பின்மீது தாமே ஒழுங்குபட்டு, ஒரு மூலக்கூற்றின் உயரமே தடிமனாக அமையும் படலம் தன்னமை ஓரடுக்கு எனப்படும். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர்வர இரட்டித்ததால் தன், அமை என்பன தன்னமை ஆயின. ஒன்றன்மேல் ஒன்றிருப்பதையே நினைவூட்டும் அடுக்கு என்னும் சொல்லை ஒன்றுமட்டும் உள்ளதற்கு ஆள்வது சற்றே முரணாயினும், வழக்கு அதனை ஏற்றுக்கொண்டது. 1946-இல் சிஸ்மன் குழுவினர் பிளாட்டினத்தின்மீது இத்தகைய படலத்தைக் காட்டியிருந்தும், 1983-இல் நுசோ, அலாரா இருவரும் தங்கத்தின்மீது கந்தகச் சேர்மங்களைப் படியவைத்த பின்னரே ஆய்வு விரிந்தது. நீண்ட கரிமச் சங்கிலியின் நுனியில் கந்தகம் கொண்ட ஆல்கேன் தயோலின் கரைசலில் தங்கத் தகட்டை அமிழ்த்தினால், கந்தகம் தங்கத்தைப் பற்றிக்கொள்ள, சங்கிலிகள் தமக்குள் நிலவும் வலுக்குறைந்த வான்டர் வால்ஸ் ஈர்ப்பால் நெருங்கி, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து நிற்கும். பற்றுதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடினும், ஒழுங்கு முற்றுப்பெறப் பல மணிநேரம் ஆகும்.