பொதுச் சூளையின் நாள்முறை

நமது கைத்தொழிலின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைக் கூறி நின்றுவிடுகின்றனர். கிள்ளிவளவன் இறந்துபட்டபோது அவனுக்கேற்ற தாழியை எங்ஙனம் வனைவாய் என்று ஐயூர் முடவனார் குயவனை நோக்கி இரங்கிய புறநானூற்றுச் செய்தி ஒன்று; தில்லையில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனார் அடியார்களுக்குத் திருவோடு வனைந்தளித்த சரிதம் மற்றொன்று. இவை நம்மவர் பெருமைக்கு உரியன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்தாழிக்கு மண் எங்கிருந்து வந்தது, அதை மிதித்தவர் எவர், நாயனாருடைய ஓட்டுக்கு அருகில் எவருடைய சட்டி வெந்தது என்று கேட்பாரில்லை. நாம் ஈண்டு எழுதப் புகுவது அவ்வெளிய விஷயத்தையே. பல குடும்பத்தார் ஒரே கொட்டகையில் கூடி வனைந்து ஒரே சூளையில் சுடுகின்ற வழக்கமே அது.

இதன் பழமைக்கு மண்ணே சாட்சி கூறும். 1876-ஆம் ஆண்டில் ஜாகோர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவரும் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்து கண்ட தாழிகள் ஓர் ஆள் உட்கார இடங்கொள்ளும் பருமையுடையன. பச்சை மண்ணாயிருக்கும்போது அவற்றை ஒருவன் தனியே புரட்டவும் இயலாது, சூளையிலேற்றவும் இயலாது. தொழிலறிந்தவன் பார்த்த மாத்திரத்தில் இதனை அறிவான். உட்புறமும் வாயும் கறுத்து, வெளிப்புறம் சிவந்த பழங்கலங்களைப் பலரும் கண்டிருப்பர். கலத்தைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டமையால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது, காற்றுப் பட்ட புறம் சிவந்தது என்பர் ஆராய்ச்சியாளர். பல்லவர் காலத்துச் சாசனங்களில் குயவர் இறுத்த குசக்காணம் என்னும் வரி காணப்படுகின்றது. வரியின் பெயரை எழுதினோர் வனைந்தவனுடைய பெயரை எழுதவில்லை.

இனி, நாம் சிறுபிராயத்திலிருந்து கண்ட கொட்டகையின் முறையைக் கூறுவோம். கோடையில் ஏரி வற்றியவுடன் எல்லாக் குடும்பத்து ஆடவரும் ஒரே நாளில் வண்டிகட்டிச் சென்று வண்டல் எடுப்பர். ஒட்டும் மண்ணும் மணற்பாங்கான மண்ணும் இரண்டும் வேண்டும். ஒன்று மிகின் கலம் வெடிக்கும், மற்றொன்று மிகின் சக்கரத்தில் எழும்பாது. அளவு எவ்வளவு என்று நம் பெரியோரை வினவினால் மண்ணை விரலால் நசுக்கிக் காட்டுவரேயன்றி வாயால் சொல்லார். ஊறவைத்த மண்ணைக் கல் நீக்கி மிதிப்பது விடியலுக்கு முன் நடக்கும். வெயில் ஏறுமுன் சக்கரத்தைக் கோலால் சுழற்றி வனைவர். அடியில்லாமல் தடித்த சுவரோடு வனையப்பட்ட பானையை நூலால் அறுத்தெடுத்து நிழலில் வைப்பர். அது பாதி உலர்ந்தபின் உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி உருவத்தைப் பெருக்குவர். வனைவது ஒரு நாழிகை வேலையாயின் தட்டுவது ஒரு நாளின் வேலை. அவ்வேலையில் பெரும்பங்கு மாதருடையது. சக்கரத்தில் அமர்ந்தவனையே குயவன் என்று உலகம் கூறுவது நியாயமன்று என்பது நமது கருத்து. மானாமதுரையில் கடம் என்னும் வாத்தியத்தைத் தட்டி இசை கூட்டும் ஒரு மாதுக்கு 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தபோது நாம் மகிழ்ந்ததற்கு இதுவே காரணம்.

சூளையே கொட்டகையின் உயிர். ஒரு குடும்பம் பத்து நாளில் வனைந்த கலங்கள் சூளையின் காற்பங்கையும் நிரப்பா. விறகோ முழுச் சூளைக்குரிய அளவு வேண்டும். ஆதலால் பலர் சேர்ந்தனர். அன்பினால் மாத்திரம் சேர்ந்தனர் என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். பெரிய பானைகள் அடியிலும், சட்டியும் அகலும் இடுக்குகளிலும் மேலும் அடுக்கப்படும். அதன்மேல் வரட்டி, வைக்கோல், ஓட்டுச் சில்லுகள், சேறு. ஓரத்தில் வைத்தவை அரைவேக்காடாகும். ஓரம் எவருக்கு என்பதே சண்டை. இதற்காகவே நடுவிடம் சூளைக்குச் சூளை முறைமாறி வரவேண்டுமென்றும், ஒவ்வொருவரும் தம் கலத்தின் கழுத்தில் நகத்தால் தம் குறி இடவேண்டுமென்றும் முன்னோர் ஏற்படுத்தினர். முதலில் புகையாகவே மெல்ல மூட்டி ஈரத்தைப் போக்குவர். அவசரப்பட்டவன் கலம் வெடிக்கும் ஓசையை ஊரே கேட்கும்.

ஒரு வருஷம் கார்த்திகை அகலுக்காக மூட்டிய சூளையில் இரவில் மழை பெய்தது. சேற்று மூடி இடிந்து உள்ளே நீர் புகுந்தது. காலையில் பிரித்தபோது நடுவிடத்தில் சிலவே தப்பின. அம்முறை நடுவிடம் பெற்றவர் வசதியுடைய ஒருவர். ஓரத்தில் வைத்திருந்த விதவை ஒருத்திக்கு ஓர் அகலும் எஞ்சவில்லை. தப்பியவை குறியிட்டவருக்கே என்பது விதி. அன்று முதியோர் கூடி, மழைச் சேதம் மாத்திரம் எல்லோர்க்கும் பொது, எஞ்சியதைப் பங்கிடுக என்று தீர்த்தனர். நடுவிடத்தார் அதனை ஏற்றுக்கொண்டார். ஆனால் மறுவருஷம் தமக்கெனத் தனிச்சூளை கட்டினார். அவரைக் குறை கூறுவாருமுளர். நாம் இருபுறமும் நியாயம் கண்டோம்.

பித்தளையும் அலுமினியமும் பிறகு எவர்சில்வரும் அடுக்களையைப் பிடித்தது யாவரும் அறிந்த கதை. 2018 முதல் கதர் கிராமத் தொழில் ஆணையம் மின்சாரச் சக்கரங்களை அளித்துவருகின்றது. தோள்வலி நீங்கியது உண்மை. ஆனால் சக்கரம் வீட்டுத் திண்ணைக்கு வந்தபின் கொட்டகை வெறிச்சோடியது. சூளைக்கு மாத்திரமே இப்போது கூடுகிறோம். இதற்கு மாறாக, 1971-இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்னும் அமெரிக்கர் இருவர் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையில் பிற குலத்துப் பிள்ளைகள் பலர் ஒன்றுகூடி மண் பிசையக் கற்றனர். நம் பிள்ளைகள் எழுந்துபோன ஆசனத்தில் அவர்கள் விரும்பி அமர்வது நமக்கு நாணமும் தருகின்றது, நம்பிக்கையும் தருகின்றது. 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மண்ணுக்கு அனுமதி பெறுவதே நெடுங்காலம் பெருந்தொல்லையாயிருந்தது. வட்டாட்சியரே அனுமதி அளிக்கலாமென 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. அன்பர்கள் மழைக்கு முன்னரே மனுச் செய்தல் வேண்டும். எம் கொட்டகையில் பொங்கற் சூளைக்கு ஏழு குடும்பத்தார் பெயர் கொடுத்துள்ளனர். தனிச்சூளை கட்டியவருடைய பேரனும் அவர்களுள் ஒருவன். இம்முறை அவனுக்கு ஓரம்.